காற்று வரும் என்று முன்பே சொன்னார்கள்

இந்த நாட்டில் காற்று சொல்லிவிட்டுத்தான் வரும். நாளை காலை மலைப்பக்கம் தொடங்கும், மதியத்துக்குள் சிட்னியின் மேற்குப் புறநகர்களை அடையும், மாலையில் கடலுக்குப் போய்விடும் என்று முதல் நாளே கைப்பேசிக்குச் செய்தி வந்துவிடும். தெற்கிலிருந்து குளிர்காற்றுத் திரள் ஒன்று நகர்ந்து வருகிறது, அதற்கு முன்னால் சேதம் விளைவிக்கும் காற்று வீசும் என்று எழுதியிருப்பார்கள். கூடவே செய்ய வேண்டியவற்றின் பட்டியலும் வரும். வீட்டுக்குள் இருங்கள். ஜன்னல்களிலிருந்து தள்ளி நில்லுங்கள். முற்றத்தில் இருக்கும் கதிரை, மேசை, ட்ராம்போலின் எல்லாவற்றையும் கட்டி வையுங்கள். அறுந்து தொங்கும் மின்கம்பிக்குக் கிட்டப் போகாதீர்கள். காரை மரத்துக்குக் கீழிருந்து எடுங்கள், நீங்களும் மரத்துக்குக் கீழே நிற்காதீர்கள். வந்த புதிதில் இதைப் பத்திரிகையில் முதன்முறை வாசித்தபோது நான் சிரித்தேன். பிள்ளைகள் துள்ளி விளையாடும் ட்ராம்போலினைக் கட்டி வைக்கச் சொல்லி ஒரு அரசாங்கம் மக்களுக்கு அறிவிக்குமா என்று கணவரிடம் கேட்டேன். மறுநாள் காலையில் பின்வீட்டு ட்ராம்போலின் எங்கள் வேலியின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

அந்தப் பட்டியலில் எனக்குப் பழகவே முடியாமல் போனது மரம் பற்றிய வரி. நாங்கள் மரத்துக்குக் கீழே ஓடிப் பழகியவர்கள். ஊரில் குண்டு போடும் விமானத்தின் இரைச்சல் கேட்டால் வெட்டவெளியில் நிற்காமல் மரத்தடிக்கு ஓடுவதுதான் எனக்குத் தெரிந்த முதல் பாதுகாப்பு. மேலிருந்து பார்ப்பவனுக்கு இலைதான் தெரியும், ஆள் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அதைத்தான். இங்கே வந்து இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்றும் திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் என் கால்கள் முதலில் திரும்புவது மரம் இருக்கும் பக்கம். மூளை பிறகுதான் வந்து, இது வேறு நாடு என்று சொல்லும்.

மரியநாயகத்தைப் பற்றி எழுதத்தான் இதைத் தொடங்கினேன். நாயகம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவன், கடற்றொழிலாளி. படகில் இந்த நாட்டுக்கு வந்தவன். என் கணவர் இறந்து, மகள் வேலைக்காக மெல்பேர்ன் போன பிறகு, சிட்னியின் மேற்கே டூங்கபியில் எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் இருந்த சிறு பகுதியில் அவன் குடியிருக்க வந்தான். அதிகாலையில் மரக்கறிச் சந்தையில் பெட்டி ஏற்றும் வேலை. மதியத்தில் வந்து சமைப்பான். ஊரில் மனைவி ஜெசிந்தாவும் மகள் மெர்சியும். அவன் புறப்பட்டபோது மெர்சிக்கு நாலு வயது, இப்போது பதினேழு. இடையில் அவன் அவளைத் தொட்டதில்லை. அவனிடம் இருந்தது தற்காலிக விசா. அது முடிய முடிய இன்னொன்று கொடுப்பார்கள். அதை வைத்து இந்த நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் விமானம் ஏறிப் போனால் திரும்பி வர முடியாது. பதின்மூன்று வருடங்களாக அவன் தன் அகதி விண்ணப்பத்துக்கு ஒரு பதிலுக்காகக் காத்திருந்தான்.

அவனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் உறையைக் கூடப் பிரிக்காமல் கொண்டு வந்து என் குசினியில் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்ப்பேன். விளங்காத சொல்லுக்கு அகராதி பார்ப்பேன். "அக்கா, அந்த வரியைத் திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ" என்பான், சொல்லுவேன். ஒரு கடிதத்துக்கு ஒரு மணித்தியாலம் கூடப் போகும். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அவனுக்கு வந்த எத்தனையோ ஆங்கிலச் செய்திகளில் நான் சுருக்கிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

அது ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை. நாயகத்துக்கு வேலை இல்லாத நாள். நான் வெஸ்ட்மீட்டில் ஒரு மருத்துவமனையின் சமையலறையில் வேலை செய்கிறேன், நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு கொண்டு போகும் வேலை. காலையில் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது குசினிக் கதவடியில் அவன் கைப்பேசியை நீட்டியபடி நின்றான். முகத்தில் இரத்தமில்லை.

"அக்கா, இது என்ன மெசேஜ்? இமிகிரேசனோ?"

நான் எட்டிப் பார்த்தேன். எனக்கும் அதே செய்தி வந்திருந்தது.

"இல்லைத் தம்பி. காத்து வருதாம். வேற ஒண்டுமில்லை."

அவன் மூச்சை விட்டான். பிறகு சிரித்தான். "காத்துக்கோ இவ்வளவு எழுதிக் கிடக்கு? எந்தப் பக்கத்தாலயாம்?"

"மேற்காலையாம்."

"அப்ப கச்சான்." காற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் குரலில் ஒரு தைரியம் வரும். "எங்கட கரையில கச்சானுக்குப் பயப்பிட வேணும் அக்கா. வள்ளத்தை வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போயிடும். ஆனா தரையில நிக்கிறவனை அது ஒண்டும் செய்யாது."

எனக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது. "சரி, போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குள் இரு, மரத்தடிக்குப் போகாதே என்ற வரிகளை நான் அவனுக்குச் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது.

பதினொரு மணிக்குத் தேநீர் இடைவேளை. ஏழாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். கீழே கார்த் தரிப்பிடத்து மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. வானத்தில் மேகமே இல்லை. அப்படிப் பளிச்சென்ற வெயிலில் இப்படி ஒரு காற்றை நான் ஊரில் கண்டதில்லை. கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை சிவப்பு அடையாளத்தோடு வந்திருந்தது. முழுவதையும் வாசித்தேன். என் கண் ஒரு வரியில் நின்றது. காரை மரத்துக்குக் கீழிருந்து எடுங்கள். வேலைக்கு நான் ரயிலில்தான் போவேன். என் கார் வீட்டுக்கு முன்னால் தெருவோரத்தில், ஒரு பெரிய யூக்கலிப்டஸ் மரத்தடியில் நின்றது. நாயகத்தைக் கூப்பிட்டேன்.

"நாயகம், வீட்டையோ நிக்கிறாய்?"

"ஓம் அக்கா. மீன் ஒண்டு வாங்கினனான். சமைக்கிறன்."

"என்ர கார் றோட்டில மரத்துக்குக் கீழ நிக்குது. கார்த் திறப்பு மேசையில கிடக்கு. ஒருக்கா உள்ளுக்கு எடுத்து விடுவியே?"

"இந்தா, எடுத்து விடுறன்."

"காத்து அங்க பலமோ?"

"ஓம், நல்லா அடிக்குது. அந்த மரத்துச் சத்தம் கடல் மாதிரியே கிடக்கு அக்கா. கேக்கச் சந்தோசமாக் கிடக்கு."

அவனோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான். எத்தனையோ தடவை அந்த உரையாடலைத் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்துவிட்டேன். எச்சரிக்கையில் காருக்கு ஒரு வரி இருந்தது, மனிதருக்கும் ஒரு வரி இருந்தது. இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகவே இருந்தன. நான் காருக்கான வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் செய்ய ஒரு மனிதனை அந்த மரத்தடிக்கு அனுப்பினேன்.

அரை மணித்தியாலம் கழித்துப் பக்கத்து வீட்டு மார்கரெட் கூப்பிட்டாள். எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி, தனியாக வாழ்பவள். காற்றின் இரைச்சலில் அவள் பேச்சு துண்டு துண்டாகத்தான் கேட்டது. லிம்ப் என்ற சொல் இரண்டு தடவை கேட்டது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் லிம்ப் என்றால் கை அல்லது கால்.

"எந்த லிம்ப்? கையா, காலா?" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

அவளுக்கு என் கேள்வி சரியாகக் கேட்கவில்லை போலும். பிறகு, "எ பிக் வன், லவ். எ ரியலி பிக் வன்" என்றாள்.

அப்படியானால் கால்தான் என்று நினைத்துக்கொண்டேன். கால் முறிந்தால் மாவுக்கட்டுப் போடுவார்கள், ஆறு கிழமை வேலைக்குப் போக முடியாது, நான்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் ஏற்பாடுகளே செய்யத் தொடங்கிவிட்டேன். இந்த ஊரார் மரத்தின் பெரிய கிளையையும் லிம்ப் என்றுதான் சொல்வார்கள் என்பது, இத்தனை வருடம் இங்கே வாழ்ந்தும் எனக்குத் தெரியாது.

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். வென்ட்வர்த்வில் ரயில் நிலையத்துக்கு அப்பால் மின்கம்பியில் மரம் விழுந்து ரயில்கள் நின்றுவிட்டன. பேருந்துக்கு நின்ற வரிசை தெருமுனையையும் தாண்டி வளைந்திருந்தது. நடக்கத் தொடங்கினேன். முகத்துக்கு நேரே காற்று. தெருவெங்கும் குப்பைத்தொட்டிகள் மூடி திறந்தபடி உருண்டுகொண்டிருந்தன. ஒரு கூரைத் தகரம் கைதட்டுவதுபோல் அடித்துக்கொண்டே இருந்தது. மரம் இருக்கும் இடத்திலெல்லாம் தெருவின் மறுபக்கத்துக்கு மாறி மாறி நடந்தேன். எச்சரிக்கையை இப்போது ஒரு வரி விடாமல் கடைப்பிடித்தேன். வழியில் ஆம்புலன்ஸ் ஒன்று சத்தம் போட்டபடி எதிர்த்திசையில் போனது. ஆம்புலன்ஸைக் கண்டால் நின்று, நெஞ்சில் கைவைத்து, உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும் பிழைக்க வேண்டும் என்று கும்பிடுவது என் வழக்கம். அன்றும் அப்படியே செய்துவிட்டு மேலே நடந்தேன். அதற்குள் இருந்தது நாயகம். நான் எந்தக் கட்டடத்திலிருந்து புறப்பட்டேனோ அங்கேதான் அவனைக் கொண்டு போனார்கள்.

எங்கள் தெருவை அடைந்தபோது செம்மஞ்சள் உடுப்புப் போட்ட மீட்புத் தொண்டர்கள் கிளையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முழு மரம் அளவு இருந்தது அந்தக் கிளை. என் கார் உள்முற்றத்தில் ஒரு கீறல் கூட இல்லாமல் நின்றது. அவன் சொன்னபடி எடுத்து விட்டிருந்தான். மார்கரெட் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"உன் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் போய் அணைத்துவிட்டேன்" என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். "என் குப்பைத்தொட்டி தெருவில் உருண்டு போனது. நான் பிடிக்கப் போனேன். அவன் என்னை உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அவன்தான் மரத்தடிக்கு ஓடிப் போனான். எனக்காகத்தான் போனான்."

"இல்லை. அவன் என் காருக்காக வெளியே வந்தான். நான்தான் வரச் சொன்னேன்" என்றேன்.

அவள் என் தோளைத் தொட்டாள். "நீ நல்லவள். என்னைத் தேற்றுவதற்காக அப்படிச் சொல்கிறாய்" என்றாள்.

நான் அப்படிச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னேன்.  அவளே தன் காரில் என்னைத் திரும்பவும் வெஸ்ட்மீட்டுக்குக் கொண்டு போனாள். சமையலறைச் சீருடையோடு அவசர சிகிச்சைப் பிரிவின் காத்திருப்பு அறையில் நான் நின்றபோது, ஒரு முதியவர் என்னைக் கூப்பிட்டு, தேநீர் எப்போது வரும் என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும் என்று சொன்னேன்.

தலையில் பட்ட அடி. மருத்துவர் இளம்பெண், மெதுவாகப் பேசினாள். எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்தாள். நம்பிக்கை வைக்க வேண்டாம் என்பதை அவள் நாலு விதமாகச் சொன்னாள். நாலும் எனக்கு விளங்கின. நெருங்கிய உறவினர் யார் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். மனைவி இன்னொரு நாட்டில் என்றேன். நீங்கள் யார் என்று கேட்டார்கள். அக்கா என்றேன். அது பொய்யா உண்மையா என்று யோசிக்கவில்லை.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். அங்கே காலைநேரம். பின்னால் கோழி கத்தும் சத்தம் கேட்டது.

"காத்தோ?" என்றாள். "என்ன அக்கா சொல்லுறியள்? இவர் அங்க கடலுக்குப் போறவரோ?"

"இல்லைப் பிள்ளை."

"பிறகு எப்பிடிக் காத்தால?"

"வீட்டு வாசலிலதான் நிண்டவர். மரம் முறிஞ்சு விழுந்திட்டுது."

அவளுக்கு விளங்கவில்லை. "நல்ல நாடு எண்டுதானே போனவர்" என்று மட்டும் சொன்னாள்.  அவளிடம் கடவுச்சீட்டுக் கூட இல்லை. இனி அதை எடுத்து, விசாவுக்கு எழுதி, அவள் வந்து சேரும் வரைக்கும் அவனுக்கு மூச்சுக் கொடுக்கும் இயந்திரங்கள் காத்திருக்கப் போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அவள் வரட்டுமா என்று கேட்கவில்லை. நான் வா என்று சொல்லவில்லை.

மறுநாள் மெர்சி பேச வேண்டும் என்று தாதியிடம் அனுமதி வாங்கி, கைப்பேசியை அவன் காதோடு வைத்துப் பிடித்தேன். "அப்பா, நான் மெர்சி கதைக்கிறன்" என்று தொடங்கினாள். பதின்மூன்று வருடமாக எப்போது பேசினாலும் அவள் அப்படித்தான் தொடங்குவாளாம், தன்னை அறிமுகப்படுத்துவதுபோல். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சோதனை நன்றாக எழுதினேன் என்றாள். அம்மா நலம் என்றாள்.  மூச்சு இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மிகத் தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டாள்: "அன்ரி, வேற என்ன கதைக்கிறது?"

மூன்றாம் நாள் மதியம் நாயகம் இறந்துபோனான்.

டூங்கபியில் அவனுக்காக நடந்த வழிபாட்டில் நிறையப் பேர் கூடினார்கள். உயிரோடிருந்தபோது அவன் பெயர் தெரியாதவர்கள் கூட வந்தார்கள். முதிய வெள்ளைக்காரப் பெண்ணுக்கு உதவப் போய் உயிரை விட்ட ஏழை அகதி என்று மேடையில் பேசினார்கள். எங்கள் சனம் எப்படிப்பட்டது என்று இந்த நாடு விளங்கிக்கொள்ளட்டும் என்று ஒருவர் சொன்னார், பலர் தலையாட்டினார்கள். மார்கரெட் கடைசி வரிசையில் கறுப்பு உடுப்போடு, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் முன்வரிசையில் இருந்தேன். எழுந்து, கார் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜெசிந்தாவிடமும் குப்பைத்தொட்டியைப் பற்றித்தான் சொன்னேன். அது பொய்யல்ல, உண்மையின் இரண்டாம் பாதி. முதல் பாதியை நானே வைத்துக்கொண்டேன். என் மகளிடம் மட்டும் தொலைபேசியில் சொன்னேன். "அம்மா, இற்ஸ் நொட் யுவர் ஃபோல்ற்" என்றாள், உங்கள் பிழை இல்லை என்று, உடனேயே, யோசிக்காமல். அந்த ஆங்கிலத்தில் ஆறுதல் இருந்தது. ஆனால் அது எனக்குள் இறங்கவில்லை. பிழை என்ற சொல்லைத் தமிழில் யாராவது என்னிடம் சொல்லித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஜெசிந்தா, நீங்கள் இதை வாசித்தால், உங்கள் கணவரை வெளியே வரச் சொன்னது நான்தான். மார்கரெட்டுக்கு இதை வாசிக்க முடியாது. அவளிடம் நேரே போய் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். அவள் மறுபடியும் என் தோளைத் தொட்டு, தேநீர் ஊற்றித் தந்தாள். என்னைப்போல் இங்கே வந்து, பிறருடைய கடிதங்களை வாசித்துக் கொடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெறும் காற்று என்று செய்தி வந்தாலும் முழுவதையும் வாசித்துக் கொடுங்கள். அவர்களுக்கு அது தேவையில்லை என்று நீங்கள் முடிவெடுக்காதீர்கள்.

உடலை ஊருக்கு அனுப்பினோம். அத்தனை வருடம் தாண்ட முடியாத எல்லையை அவன் ஒரு நாளில் தாண்டினான். திரும்பி வர முடியாதே என்று யாரும் அவனை எச்சரிக்கவில்லை. அடக்கத்தை மெர்சியின் சிநேகிதி ஒருத்தி கைப்பேசியில் நேரலையாகக் காட்டினாள். கடற்கரையை ஒட்டிய, கல்லறைகள் நிறைந்த சேமக்காலை. பாதிரியாரின் வெள்ளை அங்கி படபடத்தது. மெர்சி பெட்டிக்கு மிகவும் பக்கத்தில் நின்றாள், ஆனால் தொடவில்லை. டூங்கபியில் என் குசினி மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். செபம் ஒரு சொல்லும் விளங்கவில்லை. காற்று ஓவென்று இரைந்து எல்லாவற்றையும் மூடியது. எழுந்து போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். சத்தம் குறையவில்லை. கொளுக்கியையும் போட்டேன். அப்போதும் குறையவில்லை. வெளியே பார்த்தேன், தெருவில் ஒரு இலையும் அசையவில்லை. இரைந்தது அங்கே, கைப்பேசிக்குள். நான் இங்கே சாத்திய ஜன்னலில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன்.